மேலிருந்து எடுக்கப்படும் அளவு

ஒரு காட்டு விலங்கு நலமாக இருக்கிறதா என்பதை அதன் உடலில் எஞ்சியிருக்கும் கொழுப்பைக் கொண்டு மதிப்பிடுவது உயிரியலில் பழைய வழக்கம். நிலத்தில் வாழும் விலங்குகளிடம் இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படுவதில்லை. திருப்பூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் கோடையில் தண்ணீர் தேடி இறங்கும் யானைக்கு விலா எலும்பு தெரிகிறதா, இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறதா, முதுகெலும்பின் இருபுறமும் பள்ளம் விழுந்திருக்கிறதா என்பதைப் பழகிய கண் தூரத்திலிருந்தே சொல்லிவிடும். முதுமலையிலும் பந்திப்பூரிலும் நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தப் பார்வையையே 1 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணாக ஒழுங்குபடுத்தி, வறண்ட மாதங்களில் மதிப்பெண் குறைந்த யானைகளின் சாணத்தில் உடல் நெருக்கடியைக் காட்டும் ஹார்மோன்களின் எச்சம் கூடியிருப்பதை நிறுவியது.

திமிங்கலத்திடம் இந்த வழி செல்லாது. அதன் எலும்புகள் தோலடிக் கொழுப்பு எனப்படும் தடித்த படலத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. நீரில் வழுக்கிச் செல்வதற்காக இருமுனையும் ஒடுங்கி அமைந்த அதன் உருவம் மெலிந்த பிறகும் எளிதில் குலைவதில்லை. படகில் இருப்பவருக்கோ அது மூச்சுவிட எழும் சில நொடிகளில் முதுகின் ஒரு வளைவு மட்டுமே தெரியும். தீனி குறையும்போது ஒடுங்குவது பெரும்பாலும் உடலின் அகலம் என்பதால், அந்த ஒடுக்கம் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குப் புலப்படாமல் மேலிருந்து பார்ப்பவருக்கே புலப்படுகிறது. ஆகவே ஒரு திமிங்கலத்தின் உடல் தலை முதல் வால் வரை அளக்கப்பட்டதெல்லாம் நெடுங்காலம் அது இறந்த பிறகுதான்: ஒன்று வேட்டைக்காரர்களின் கப்பல் தளத்தில், இல்லையென்றால் கரையொதுங்கிய மணலில். 1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில் 147 குட்டைத் துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் கரையேறின. 2016 ஜனவரியில், மணப்பாடு, கல்லாமொழிப் பகுதியில், அதே இனத்தைச் சேர்ந்த எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கியபோது, மீனவர்கள் அவற்றை இழுத்துச் சென்று ஆழத்தில் விட்டும் பல திரும்பிக் கரைக்கே வந்தன. உடற்கூறாய்வு இறந்த உடலின் நிலையைச் சொல்லும். அதற்கு முந்தைய மாதங்களில் அந்த விலங்கு தேறிக்கொண்டிருந்ததா தேய்ந்துகொண்டிருந்ததா என்பதைச் சொல்ல, உயிரோடு இருந்தபோது எடுத்த அளவு வேண்டும்.

உயிருள்ள திமிங்கலத்தை வானிலிருந்து அளக்கும் முயற்சி டிரோனுக்கு முன்பே விமானங்களிலும் ஹெலிகாப்டர்களிலும் நடந்திருக்கிறது. ஆனால் செலவு மிகுதி. உயரத்தைக் குறைத்தால் இரைச்சல் விலங்கைக் கலைக்கும். கூட்டினால் படம் தெளியாது. 2014இல் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமும் வான்கூவர் நீருயிர்க் காட்சியகமும் சேர்ந்து, கனடாவின் வான்கூவர் தீவுக்கருகே வாழும் ஓர்க்கா எனப்படும் கொலைகாரத் திமிங்கலங்களின் மேல் ஆறு சுழலிகள் கொண்ட ஒரு சிறு டிரோனைப் பறக்கவிட்டன. நூறடி உயரத்துக்கும் மேலே பறந்த அந்தக் கருவியைத் திமிங்கலங்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஜான் டர்பன், ஹாலி ஃபெர்ன்பாக் ஆகிய இரு ஆய்வாளர்கள் அந்தப் படங்களிலிருந்து வளர்த்தெடுத்த முறை, அடுத்த பத்தாண்டுகளில் பல கடல்களுக்கும் பரவிவிட்டது.

இம்முறைக்கு ஒளிப்பட அளவியல் என்று பெயர்; அதன் கணக்கு எளியது. கேமரா கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது, வில்லையின் குவியத்தூரம் எவ்வளவு, படத்தின் ஒரு புள்ளி உணரியில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால், திமிங்கலத்தின் மூக்குமுனையிலிருந்து வால்துடுப்பின் நடுப்பிளவு வரை உள்ள புள்ளிகளை எண்ணி அதன் நீளத்தை மீட்டரில் சொல்லிவிடலாம். சிக்கல் உயரத்தில் இருக்கிறது. டிரோனில் இயல்பாக இருக்கும் காற்றழுத்த உயரமானி, புறப்பட்ட இடத்தைச் சுழியமாக வைத்துக்கொள்வது. புறப்பட்ட இடமோ அலையில் ஆடும் படகு. முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு மீட்டர் பிசகினாலும் நீளத்தில் மூன்று விழுக்காட்டுக்கு மேல் பிழை வந்துவிடும் என்பதால், நீர்ப்பரப்பிலிருந்து தெறித்து வரும் லேசர் கதிரைக் கொண்டு உயரத்தைத் தனியே அளக்கிறார்கள். நீளம் தெரிந்த ஒரு பலகையை மிதக்கவிட்டு அதையும் படமெடுத்துக் கருவியைச் சரிபார்க்கிறார்கள். நீளம் கிடைத்தபின் அதை ஐந்து ஐந்து விழுக்காடாகப் பகுத்து ஒவ்வொரு பகுப்பிலும் உடலின் அகலத்தை எடுத்து, அதிலிருந்து உடலின் கொள்ளளவைக் கணிக்கிறார்கள். இந்த நீளமுள்ள விலங்குக்கு இருக்கவேண்டிய கொள்ளளவைவிட இதற்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்ற எண்ணே உடல்நிலைக் குறியீடு.

பின்னலாடை நகரமான திருப்பூரில் வாழும் வாசகருக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. தைத்து முடிந்த ஒரு பனியனைச் செக்கிங் மேசையில் கிடத்தி, இழுக்காமல், சுருக்கம் விழாமல் கையால் நீவிவிட்டு, அக்குளுக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை டேப்பை வைத்து எடுக்கும் அரை மார்பளவும், கடலின் மேற்பரப்பில் உடலைக் கிடத்தி மிதக்கும் திமிங்கலத்தின் முதுகில் எடுக்கும் அகலமும், முப்பரிமாண உடலொன்றைத் தட்டையாக்கி அளப்பதில் ஒரே வேலை, பிழைகளும் ஒன்றே. இழுத்துப் பிடித்த துணி கூடுதல் காட்டுவதைப் போல, மூச்சு வாங்க முதுகை வளைத்த திமிங்கலம் நீளம் குறைந்து தெரியும். பக்கவாட்டில் சாய்ந்தது இல்லாத அகலத்தைக் காட்டும். நூறு படங்கள் எடுத்து, உடல் நேராகவும் நீர் தெளிவாகவும் அமைந்த ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுவது இதனால்தான். அதைவிட முக்கியமான ஒற்றுமை இன்னொன்று. துணி எவ்வளவு சுருங்கும் என்று அறிய, பின்னல் துணியில் ஒரு சதுரத்தைக் குறித்து, துவைத்து உலர்த்தி, அதே சதுரத்தை மறுபடி அளக்கிறார்கள். துவைத்தபின் எடுத்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு சுருக்கத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவிட முடியாது. திமிங்கலத்தின் அளவும் அப்படியே. ஒரு படம் ஒரு விலங்கின் வடிவத்தைக் காட்டும். அதே விலங்கின் இரண்டாவது படம்தான் அது தேறுகிறதா தேய்கிறதா என்பதைக் காட்டும்.

'அதே விலங்கு' என்பதை உறுதிசெய்வதற்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காணத் தெரிய வேண்டும். இந்த வேலையை டிரோன் செய்யவில்லை; கரையோரமாகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தவர்கள் செய்தார்கள். ஓர்க்காக்களைத் துடுப்பின் வடிவத்தாலும் அதன் பின்னுள்ள சாம்பல் நிறத் திட்டாலும் பிரித்தறிந்து எண் கொடுக்கும் பழக்கம் 1970களில் தொடங்கியது. அமெரிக்க, கனடிய எல்லைக் கடலில் வாழும் 'தெற்கத்திய வாசி' ஓர்க்காக்கள் எழுபத்தைந்துக்கும் குறைவாகத் தேய்ந்துவிட்டபோதும், அவற்றில் ஒவ்வொன்றுக்கும் தாய் யார், வயது என்ன என்பது பதிவாகியிருக்கிறது. ஓர்க்காவின் மெலிவை அறிய வேறோர் அடையாளம் உதவுகிறது: கண்ணுக்குப் பின்னாலுள்ள வெள்ளைத் திட்டுகள் இரண்டும் மேலிருந்து பார்க்கையில் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நின்றால் தலைக்குப் பின் கொழுப்பு இருக்கிறது. உள்நோக்கிச் சாய்ந்தால் கொழுப்பு கரைந்து கழுத்து ஒடுங்கிவிட்டது. 2018இல் ஜே-50 என்ற நான்கு வயதுகூட நிரம்பாத பெண் குட்டியின் கழுத்து வாரத்துக்கு வாரம் ஒடுங்குவதை டிரோன் படங்கள் பதிவுசெய்தன. மருத்துவர்கள் படகிலிருந்து மருந்து செலுத்தியும் பார்த்தார்கள். செப்டம்பரில் அது காணாமற்போனது, இறந்ததாகக் கணக்கெழுதப்பட்டது. மெலிவை வாரந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பதும் தடுப்பதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அந்தப் படவரிசை கூச்சமில்லாமல் காட்டுகிறது.

ஆயினும் அந்தக் கடலில் அளவு வெறும் ஆவணமாக நின்றுவிடவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. ஓர்க்காக்களின் மெலிவுக்கும் ஃப்ரேசர் முதலான ஆறுகளுக்குத் திரும்பும் சினூக் சால்மன் மீனின் வரத்துக்கும் உள்ள உறவை 2021இல் வெளியான ஆய்வு கணக்கிட்டுக் காட்டியது. அதே காலத்திலிருந்து வாஷிங்டன் மாநிலத்தின் மீன், வனவுயிர்த் துறை, டிரோன் படங்களில் வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற அளவில் அடிமட்ட ஐந்திலொரு பங்குக்குள் வரும் ஓர்க்காக்களையும் நிறைசூலில் இருப்பவற்றையும் நலிவுற்றவை என்று அறிவித்து, சுற்றுலாப் படகுகள் அவற்றிலிருந்து அரைக் கடல்மைல் விலகி நிற்கவேண்டும் என்று அவசர ஆணைகளைப் பிறப்பித்தது. ஏற்றுமதி நிறுவனங்களின் அளவுப்பட்டியலில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் டாலரன்ஸ் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அதை மீறிய உருப்படி அதிகமானால் சரக்கு லாரியில் ஏறாது என்பதைப் சரக்கை வாங்கும் பையரின் ஆளும் அறிவார், தைத்தவரும் அறிவார். வாஷிங்டனின் ஆணை திமிங்கலத்தின் உடலுக்கு அப்படியொரு எண்ணை எழுதிவைத்தது.

அமெரிக்கக் கண்டத்தின் மறுகரையில் அந்த எண் எழுதப்படவில்லை. வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் எனப்படும் இனத்தில் இன்று எஞ்சியிருப்பவை நானூறுக்கும் குறைவு. இவற்றின் தலைமேலுள்ள சொரசொரப்பான தடிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாக அமைவதால் ஆளடையாளமும் துல்லியமானது. 2020இல் ஃபிரெட்ரிக் கிறிஸ்டியன்சென் தலைமையிலான ஆய்வு, இவற்றைத் தென்கோளத்தில் அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடல்களில் வாழும் உறவினங்களோடு டிரோன் அளவுகளால் ஒப்பிட்டு, இளையவை, முழு வளர்ச்சியடைந்தவை, பாலூட்டும் தாய்கள் என்ற நிலைகளில் வட அட்லாண்டிக் விலங்குகள் மெலிந்திருப்பதைக் காட்டியது. 2021இல் ஜோஷுவா ஸ்டீவர்ட்டும் பிறரும், விமானத்திலிருந்து எடுத்த பழைய படங்களையும் டிரோனின் புதிய படங்களையும் சேர்த்து ஆராய்ந்து, 2019இல் பிறந்த ஒரு திமிங்கலம் முழு வளர்ச்சியடையும்போது 1981இல் பிறந்ததைவிடச் சுமார் ஒரு மீட்டர் குறைவாகவே இருக்கும் என்று கண்டார்கள். காரணங்களில் ஒன்று நண்டு, லாப்ஸ்டர் கூண்டுகளின் கயிறு. இந்த இனத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேற்பட்டவை வாழ்நாளில் ஒருமுறையேனும் அதில் சிக்கியிருக்கின்றன. உடலில் சுற்றிய செயற்கை இழைக் கயிற்றை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு நீந்துவதற்குச் செலவாகும் ஆற்றல் வளர்ச்சிக்குப் போகவேண்டியது. (செயற்கை இழை என்ற சொல் வந்தபின் பின்னலாடைத் தொழில் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. பாலியஸ்டர் விளையாட்டு உடைகளை நோக்கித் திருப்பூரும் நகர்ந்துவருகிறது. ஒவ்வொரு சலவையிலும் அத்தகைய துணி நுண்ணிழைகளை உதிர்க்கிறது. கலிஃபோர்னியக் கடலின் நீலத்திமிங்கலம் நாளொன்றுக்கு ஒரு கோடி நெகிழித் துணுக்குகள் வரை விழுங்கக்கூடும் என்று 2022இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.) இவ்வளவு துல்லியமான அளவுகள் கையிலிருந்தும், இந்தத் திமிங்கலங்கள் மீது மோதும் கப்பல்களின் வேகத்தை மேலும் கட்டுப்படுத்த முன்வைக்கப்பட்ட விதியை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி எழவேண்டிய இடம் பாக் விரிகுடா. எழவேண்டிய விலங்கு, மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு. அது திமிங்கல வகை அன்று. கடற்புல்லை மட்டுமே நம்பி வாழும் பாலூட்டி. மூன்று மீட்டர் வரை வளரும். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ புல் மேயும். பதின்மூன்று மாதத்துக்கு மேல் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈன்று, அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். இந்தியக் கடல்களில் இருநூற்றைம்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கக்கூடும் என்பது பரவலான மதிப்பீடு. தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது; அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் வெளி அடங்கும். இந்திய வனவுயிர் நிறுவனம் 2016 முதல் நடத்திவந்த கடற்பசு மீட்புத் திட்டத்தில் டிரோன்களும் பறந்திருக்கின்றன.

பறந்தாலும், ஓர்க்காவிடம் கைகூடியது இங்கே அப்படியே கைகூடுவதில்லை. கடற்பசு மூச்சுக்காக எழுந்து ஓரிரு நொடி மூக்கைக் காட்டிவிட்டு அமிழ்ந்துவிடும். இழுவைமடிகள் அடிமண்ணைக் கிளறும் ஆழமற்ற கடலில் நீர் பலநாள் கலங்கியே கிடக்கும். வெள்ளைத் திட்டோ தலைத் தடிப்போ இல்லாத அதன் பழுப்பு முதுகில் வலையும் படகும் கீறிய தழும்புகளைத் தவிர ஆளடையாளம் வேறில்லை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 2010இலேயே ஆளில்லா விமானத்திலிருந்து கடற்பசுக்களைக் கண்டறிந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் அதன் உறவினமான மனாட்டியின் உடல் அளவுகளையும் டிரோனால் எடுத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் நீர் தெளிந்தது. பாக் விரிகுடாவில் டிரோன் நம்பிக்கையோடு படிக்கக்கூடியது விலங்கின் முதுகைவிட அதன் மேய்ச்சல் நிலமாகவே இருக்கும். கடற்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே நகர்வதால் கடற்புல் வெளியில் வளைந்து வளைந்து செல்லும் வெறுந்தரைக் கோடுகள் விழுகின்றன. நீர் வற்றும் வேளையில், தெளிந்த நாட்களில், அவை மேலிருந்து தெரியும். புதுக் கோடுகள் எந்த மாதத்தில் எந்த வெளியில் விழுகின்றன, பழைய கோடுகள் மறுபடி புல் மூடுகின்றனவா, இழுவை வலையின் பலகை கிழித்த நேர்கோடுகள் எங்கே என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒரே பாதையில் பறந்து பதிந்தால் அது ஏறத்தாழ ஓர் உடல்நிலைக் குறியீடுதான். புல் போனால் உடல் போகும் என்பதற்கு ஃபுளோரிடா சாட்சி: அங்கே இந்தியன் ரிவர் கழியில் கடற்புல் அழிந்தபின் 2021 ஓராண்டில் மட்டும் மாநிலம் முழுவதும் 1,100 மனாட்டிகள் இறந்தன, பல பட்டினியால். அதிகாரிகள் லெட்யூஸ் கீரையைக் கூடை கூடையாக நீரில் கொட்டி மிச்சத்தைக் காக்க நேர்ந்தது.

பாக் விரிகுடாவில் டிரோனுக்கு இன்னொரு தடையும் உண்டு. அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை. பன்னாட்டுக் கடல் எல்லையும் கடற்படையும் கைதுகளும் அன்றாடச் செய்தியாகிவிட்ட கடல் அது. அங்கே வானில் ஒலிக்கும் எந்தச் சுழலியையும் மீனவர் ஐயத்தோடுதான் அண்ணாந்து பார்ப்பார். கடற்பசுவை எண்ணும் கேமரா தடைசெய்யப்பட்ட இரட்டைமடி வலை போட்ட படகையும் எண்ணும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஐயம் நியாயமானது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விட்டுவிட்டுச் செய்தி சொல்பவர்களும் இதே மீனவர்கள்தான். படங்கள் யாரிடம் போகும், எதற்குப் பயன்படும் என்பதை முதலிலேயே அவர்களிடம் சொல்லாமல் பறக்கவிடும் டிரோன், தரும் தகவலைவிடக் கெடுக்கும் உறவு பெரிதாக இருக்கும்.

அளவு இருந்தும் அதற்கு அதிகாரம் இல்லாத நிலையைத் திருப்பூர் தன் ஆற்றில் பார்த்திருக்கிறது. சாயமேற்றும்போது சாயம் நூலில் பிடிப்பதற்காகக் கொட்டப்படும் உப்பு, கழிவுநீரோடு நொய்யலில் இறங்கி, 1992இல் பாசனத்துக்குத் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை டிடிஎஸ் என்பார்கள். நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அப்போதே இருந்தது. வரம்பு மீறப்படுவது அளந்தவர்களுக்குத் தெரியும். தென்னையும் கிணறும் கெட்ட விவசாயிகளுக்கு அளக்காமலே தெரியும். அந்த எண்ணை நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. 2006இல் கழிவுநீர் துளியும் வெளியேறாத நிலை எட்டப்படவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2009இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதுவும் நிறைவேறாதபோது 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னர்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சவ்வூடு வடித்தலையும் ஆவியாக்கிகளையும் முழுவீச்சில் இயக்கி உப்பை மீட்கத் தொடங்கின. மூடப்பட்ட மாதங்களில் வேலையிழந்து ஊர் திரும்பியவர்களின் கணக்கும் அந்த எண்ணின் விலையில் சேரும். வரம்பு தாண்டிய முதல் ஆண்டிலேயே யாராவது பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தால் விலை இவ்வளவு ஏறியிருக்காது.

கடற்பசுப் பாதுகாப்பகத்துக்கு அப்படியொரு கடமைப்பட்ட இடம் சட்டத்திலேயே இருக்கிறது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 36அ பிரிவின்படி, மக்களைக் கலந்தே அறிவிக்கவேண்டிய பாதுகாப்பகம் இது. தேசியப் பூங்காவைப் போல மீனவரை வெளியேற்றாதது. இதை நிர்வகிக்க ஆலோசனை சொல்லும் குழுவில் வனத்துறையோடு, எல்லைக்குட்பட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு. டிரோன் எடுக்கும் அளவு ஆய்விதழுக்குப் போவதற்கு முன் அந்தக் குழுவின் மேசைக்கு வரலாம். எந்தக் கடற்புல் வெளியில் மேய்ச்சல் கோடுகள் எத்தனை விழுக்காடு குறைந்தால் எத்தனை வாரம் அங்கே இழுவைமடி போடாமல் இருப்பது, அந்த வாரங்களின் வருமான இழப்பை யார் ஈடுகட்டுவது, கன்றோடு திரியும் தாய் தென்பட்டால் விசைப்படகு எவ்வளவு விலகிப் போவது என்பவற்றை மெலிவு தொடங்குவதற்கு முன்பே அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையுள்ள ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பேசி எண்ணாக எழுதிவைக்க வேண்டியிருக்கும். பேச்சு எளிதாக இராது. விசைப்படகுக்காரருக்கும் நாட்டுப்படகுக்காரருக்கும் அந்த எண் ஒன்றாக இருக்கப்போவதில்லை.